உள்ளே பார்த்து நிற்கும் பூட்ஸ்

மார்ச் 3, செவ்வாய்

அந்த வீட்டில் எல்லாச் செருப்பும் வாசலைப் பார்த்துக் கிடக்கிறது. ஒரு ஜோடி பூட்ஸ் மட்டும் வீட்டைப் பார்த்து நிற்கிறது. கறுப்பு. ரொம்பப் பழசு. ஆனால் முனையில் முகம் பார்க்கலாம். படுக்கையறைக் கதவோரம், யாரோ இப்போதுதான் வெளியிலிருந்து வந்து கழற்றிவிட்ட மாதிரி.

இன்று முதல் நாள் வேலை. காலை ஏழிலிருந்து பதினொன்று வரை. வீட்டுப் பெரியம்மாவுக்கு நாலு வருஷமாக வலது கையும் காலும் வராது, பேச்சும் போய்விட்டது. ஆனால் எல்லாம் புரியும். இடது கை மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. இத்தனை நாளும் அவர் வீட்டுக்காரர் ஐயாதான் தனியாகப் பார்த்துக்கொண்டாராம். எண்பத்தாறு வயது. இப்போது அவருக்குத் தோள்பட்டை தூக்க வரவில்லை, டாக்டர் திட்டியதால் ஆள் தேடினார்கள். அந்த டாக்டரின் ஆஸ்பத்திரியைக் கூட்டுகிற என் அம்மா, "எம் பொண்ணு வாய் திறக்க மாட்டா, ஆனா கை சுத்தம்" என்று சொல்லிச் சேர்த்துவிட்டாள்.

ஐயா என்னைப் பார்த்து, "பேச வராதா, பேச மாட்டியா?" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லதாப் போச்சு. எங்க மேஜர் ஒருத்தங்க பேசுறதையே என்னால தாங்க முடியல."

கட்டில் கம்பி டங் டங் என்றது. இல்லையாம்! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, புடவை மடிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

மார்ச் 11, புதன்

ஐயா பட்டாளத்தில் வண்டி ஓட்டியவர். மேஜர் எல்லாம் இல்லை. வீட்டில் பெரியம்மாதான் மேஜர், இவர் வெறும் டிரைவராம்.

புரட்டிப் படுக்க வைப்பது, விரிப்பு மாற்றுவது, துடைத்துவிடுவது எல்லாம் எனக்குக் கொடுத்துவிட்டார். தலை வாரும் வேலையை மட்டும் கொடுக்கவில்லை. வலது முழங்கையைத் தலையணை அடுக்கின் மேல் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து வகிடு எடுக்கிறார். ரோடு போட்ட மாதிரி நேர்கோடு. வலிக்கிறது, தெரிகிறது. பெரியம்மாவுக்கும் தெரிகிறது, அதனால் அசையாமல் இருக்கிறார். முடிந்ததும் கண்ணாடியைக் காட்டி, "பாஸா, ஃபெயிலா?" என்று கேட்பார். ஒரு தட்டு விழும்வரை கண்ணாடியை இறக்க மாட்டார்.

மார்ச் 22, ஞாயிறு

யாருமே போடாத பூட்ஸுக்கு இன்றும் அரை மணி நேரம் பாலிஷ் போட்டார்.

ஏப்ரல் 9, வியாழன்

இன்று ஒரு தப்புப் பண்ணிவிட்டேன்.

தரை துடைக்கும்போது பூட்ஸை நகர்த்தினேன். திரும்ப வைக்கும்போது கைப்பழக்கத்தில் முனை வாசலைப் பார்க்க வைத்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் கட்டில் கம்பி அடிக்க ஆரம்பித்தது. ஒன்றும் இல்லை, இரண்டும் இல்லை, விடாமல். விரிப்பு நனைந்திருக்கிறதா பார்த்தேன். தண்ணீர் நீட்டினேன். டங் டங் டங் டங். பெரியம்மாவின் கண்ணில் தண்ணீர் ஓடுகிறது.

ஐயா பாதி சவரத்தில் சோப்பு முகத்தோடு ஓடி வந்தார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். நேராகப் போய் பூட்ஸைத் திருப்பி வைத்தார். சத்தம் நின்றுவிட்டது.

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டுக் கதை சொன்னார். இருபத்து நாலு வருஷம் பட்டாளம். ஒவ்வொரு லீவும் முடிகிறபோது பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டு, நிலைப்படியில் முனை வெளியே பார்க்க வைத்துவிடுவாராம். காலை விட்டால் கிளம்பிவிடலாம். பெரியம்மா அதற்குப் பிறகு அந்தப் பக்கமே பார்க்க மாட்டாராம். சண்டை வந்த வருஷம் ஒரு பூட்ஸை எடுத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளித்துவிட்டார். தேடிக் கண்டுபிடிப்பதற்குள் ரயில் போய்விட்டது. அதற்கு இவருக்குப் பதினாலு நாள் தண்டனை.

"ஒத்தை பூட்ஸோட எப்படிச் சண்டைக்குப் போறதுன்னு கேட்டேன். அதான் போகாதீங்கன்னு சொல்றேன்னாங்க மேஜர்."

கட்டிலிலிருந்து ஒரு தட்டு.

பட்டாளத்து வேலை முடிந்து ஒரேயடியாக வந்த அன்று பூட்ஸைக் கழற்றி, முனையை வீட்டுப் பக்கம் திருப்பி வைத்தாராம், அவ்வளவுதான். "மூணு வீடு மாறியாச்சு. அது மட்டும் திரும்பல."

பிள்ளைகளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். நானாகவே கேட்டேன்! அவர்கள் பட்டாளத்து ஒழுங்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம். "நெனைக்கட்டும், அதுவும் மரியாதையாத்தானே இருக்கு" என்றார்.

ஏப்ரல் 28, செவ்வாய்

வெளியூரிலிருந்து ஐயாவின் மகள் வந்திருக்கிறார். அக்கா என்று கூப்பிடச் சொன்னார். என்னை உட்கார வைத்து டீ கொடுத்தார். ஐயா பட்டாளத்தை விட்டு வந்து இருபது வருஷம் பள்ளிக்கூட வண்டி ஓட்டினாராம். அக்காவுக்குப் பரீட்சை என்றால் பிள்ளைகளை இறக்கிவிட்டு மூன்று மணி நேரமும் வாசலிலேயே வண்டியைத் துடைத்துக்கொண்டிருப்பாராம். "வண்டி அவ்வளவு அழுக்காப்பான்னு கேட்டா, ஆமாம்மா, கணக்குப் பரீட்சைக்குத்தான் ரொம்ப அழுக்காகுதும்பார்."

பிறகு ஐயா என்னிடம், ஏன் படிப்பை விட்டாய் என்று கேட்டார். வீட்டில் கஷ்டம் என்றேன். அது பாதி. மீதியையும் சொல்லிவிட்டேன்: எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது, எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஒன்பதாவதோடு விட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

ஐயா தன் டீயில் பாதியை என் டம்ளரில் ஊற்றினார்.

மே 14, வியாழன்

ஐயா போய்ட்டார்.

மே 16, சனி

எழுதிவிட வேண்டும்.

பத்தரை மணி இருக்கும். நான் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஒரு தட்டுக் கேட்டது. ஐயா ஏதோ கேட்டிருப்பார், பெரியம்மா பதில் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுபடி சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால் ஐயா கட்டில் கம்பியில் தலை சாய்த்து உட்கார்ந்திருக்கிறார். கையில் சீப்பு. தோள் வலிக்குக் கொஞ்சம் ஓய்வு எடுக்கிறார் என்றுதான்... எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் நான்? பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஐயா வகிடு எடுத்து முடித்திருந்தார். பின்னல் பாதியில் நின்றது.

எல்லோரும் வந்த பிறகு மீதிப் பின்னலை நான் போட்டுவிட்டேன்.

நேற்று ஒரு கால் இல்லாத பெரியவர் ஊன்றுகோலோடு வந்தார். சண்டையில் அடிபட்ட ஏழு பேரை ஐயா பதினோரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தாராம். அந்த ஏழில் இவர் ஒருவர். "மேல குண்டு விழுது. இந்த மனுஷன் குழி வந்தா நிறுத்துறான், இறங்கி மண்ணை அள்ளிப் போடுறான், அப்புறம் ஏறி ஓட்டுறான். ஏண்டா சாகப்போறியான்னு கத்தினேன். உனக்கு வலிக்கும்லன்னான்."

ஐயாவின் மகன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்ககிட்ட சொன்னதே இல்ல" என்றார்.

ஏழு பேரும் பிழைத்தார்களாம்.

மே 24, ஞாயிறு

அடுத்த ஞாயிறு பட்டாளத்துக்காரர்கள் சங்க மண்டபத்தில் நினைவுக் கூட்டம். பெரியம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று இன்று முழுக்கப் பேச்சு. உணர்ச்சிவசப்பட்டால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்கிறார் மகன். பாவம், அவருக்குப் பயம், ஒரே மாதத்தில் இரண்டு பேரையும் விட முடியாது என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

கடைசியில் அக்கா குனிந்து, "அம்மா, வரணுமா?" என்று கேட்டார். மோதிரம் வளைந்துவிடும் போல ஒரு தட்டு.

சக்கர நாற்காலி தள்ள என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். "அம்மாவால தாங்க முடியலன்னா உடனே வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துடணும், சரியா?" என்றார் மகன். தலையாட்டினேன்.

மே 30, சனி

கதவோரம் பூட்ஸ் இல்லை. தரையில் இரண்டு வெளிறிய தடம். மண்டபத்தில் வைப்பதற்காகச் சங்கச் செயலாளர் நேற்று மாலை எடுத்துப் போனாராம். பெரியம்மா அதற்கு முன்பே தூங்கியவர், இன்னும் எழவில்லை. கண் விழித்தால் தெரியக்கூடாது என்று அந்த இடத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு வைத்தேன். அக்காவிடம் சொல்லலாமா? வீடு நிறைய ஆட்கள். நாளைக்குத் திரும்பி வந்துவிடும்தானே. சொல்லவில்லை.

மே 31, ஞாயிறு

மண்டபம் நிறைந்திருந்தது. சட்டையில் பதக்கம் குத்திய பெரியவர்கள், ஐயாவின் வண்டியில் பள்ளிக்கூடம் போய் இன்று நரை விழுந்தவர்கள். வாசல் படிக்கு மேலே, நடுவில், ஒரு சின்ன மேசை. வெள்ளைத் துணி. அதன் மேல் பூட்ஸ். இரண்டு பக்கமும் சீருடையில் இரண்டு பேர் ஆடாமல் அசையாமல் காவல். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று அழகாகத்தான் வைத்திருந்தார்கள். முனை வெளியே பார்த்து.

சாய்தளத்தில் நாற்காலியை ஏற்றி நிமிர்ந்தேன். பெரியம்மா பார்த்துவிட்டார்.

மோதிரம் நாற்காலிக் கையில் அடிக்க ஆரம்பித்தது. டங் டங் டங் டங். உள்ளே பேச்சு நின்றது. சக்கரத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார், நகர விடவில்லை. அக்கா ஓடி வந்து கட்டிக்கொண்டார். "அப்பாவை நெனைச்சியாம்மா?" அடி நிற்கவில்லை. மகன் முகம் வெளுத்துப்போய், "நான் அப்பவே சொன்னேன். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போம்மா, சீக்கிரம்" என்றார்.

வீட்டுக்கா? ஐயா கிளம்புவதை எத்தனை தடவை பார்த்திருப்பார் இந்த அம்மா. இன்றைக்கும் அதையே பார்த்துவிட்டுப் போக வேண்டுமா?

சொல்லத்தான் பார்த்தேன். குரல் வரவில்லை, வகுப்பில் நின்ற மாதிரியே. எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்காலியை விட்டேன். மேசைக்குப் போனேன். "தொடாதே பாப்பா" என்றார் செயலாளர். காவலுக்கு நின்றவர் கண்ணை மட்டும் என் பக்கம் உருட்டினார்.

"வீட்ல இப்படித்தான் இருக்கும்" என்றேன். எனக்கே கேட்டதா என்று தெரியவில்லை.

இரண்டையும் தூக்கி, முனை உள்ளே பார்க்கும்படி திருப்பி வைத்தேன்.

பின்னால் ஒரே ஒரு தட்டு.

திரும்பி வந்து, நாற்காலியை உள்ளே தள்ளிக்கொண்டு போனேன்.