ஏதென்ஸ் மேட்டில் இருக்கிறது

பெப்ரவரி 4, 2025
டயகம பஸ்ஸில் இன்றும் நிற்க இடமில்லை. கடைசி ட்ரிப் முடிந்து வந்ததும் சர்மிளா போன் பண்ணினாள். ஏதென்ஸில் அவள் கவனித்துக்கொள்ளும் வயசான அம்மாவை, ரோமில் இருக்கும் இளைய மகளிடம் கூட்டிப் போய் வர வேண்டுமாம். விமானத்தில். தனியாக!

"ஒழுங்கா போயிட்டு வந்துட்டா சித்திரைக்கு லீவு தர்றேன்னு மேடம், அவங்க மூத்த மக, சொல்லிட்டாங்க. நான் போறேங்க" என்றாள்.

மூன்று வருடமாகப் பெண்டாட்டி முகத்தைப் போனில்தான் பார்க்கிறேன். ஆனால் தலவாக்கலைக்குப் போகவே எலுமிச்சங்காயை மூக்கில் வைத்துக்கொண்டு வருபவள் - இவளா?

பெப்ரவரி 6
டிக்கெட்டைப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறாள். ஏதென்ஸில் பத்து மணிக்கு ஏறினால் ரோமில் பதினொன்று பத்து. ஆயிரத்துச் சொச்சம் கிலோமீற்றராம்! நம் பஸ் டயகமவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கவே அதைவிட நேரமாகும். ஆனால் திரும்பி வருவதைக் கணக்குப் பார்த்தால் மூன்று மணி நேரம் வருகிறது. ஏன்?

பெப்ரவரி 7
டிரைவர் பழனியாண்டி அண்ணனிடம் கேட்டேன். "இதுல என்ன தம்பி இருக்கு? ஏதென்ஸ் மேட்டுல இருக்கும். எறங்குறப்ப வேகமா எறங்கும், ஏறுறப்ப மூச்சு வாங்கும்ல."

சரிதானே! இத்தனை வருடக் கண்டக்டர், எனக்குத் தோன்றவில்லையே. பஸ்ஸில் நாலு பேருக்கு விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். சர்மிளாவுக்கும் வொய்ஸ் அனுப்பினேன்.

பெப்ரவரி 12
நம் நேரம் ஒன்றரைக்கு விமானம் கிளம்பியது. இரண்டு நாற்பதுக்கு இறங்கியிருக்க வேண்டும். மூன்று மணி ஆகியும் போன் இல்லை. மூன்று இருபது - இல்லை. யாருக்கு மிச்சக்காசு கொடுத்தேன், யாருக்குக் கொடுக்கவில்லை, தெரியாது. முருகா, லீவும் வேணாம் ஒண்ணும் வேணாம், அவ பத்திரமா எறங்கினா போதும்.

நாலு மணிக்குக் கூப்பிட்டுச் சிரிக்கிறாள். "இப்பத்தாங்க வெளிய வந்தோம். ரோம் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால ஓடுதுங்க. போகவும் ரெண்டு மணி நேரம், வரவும் ரெண்டு மணி நேரம். மேடும் இல்ல, பள்ளமும் இல்ல."

அந்த அம்மாவுக்கு வழியில் குமட்டியதாம். பணிப்பெண் வாந்திப் பையை எடுத்து வருவதற்குள் இவள் எலுமிச்சங்காயை நகத்தால் கீறி முகரக் கொடுத்திருக்கிறாள். "அதுக்கப்புறம் எங் கைய விடவே இல்லங்க."

உனக்குப் பயமா இல்லியா என்று கேட்டேன். "இருந்துச்சு. அவங்க என்னப் புடிச்சுக்கிட்டாங்க, நான் யாரப் புடிக்கிறது?" என்றாள். எப்பேர்ப்பட்டவளைக் கட்டியிருக்கிறேன்!

பெப்ரவரி 13
அந்த நாலு பேரிடமும் மேட்டுக் கதையைத் திருத்திச் சொல்ல வேண்டும். வெட்கமாக இருக்கிறது. நாளைக்குப் பார்க்கலாம்.

பெப்ரவரி 17
ஏதென்ஸ் திரும்பிவிட்டார்கள். லீவு உறுதி.

ஏப்ரல் 11
தலவாக்கலையில் ரயிலை விட்டு இறங்கி நேரே என் பஸ்ஸில் ஏறினாள். டிக்கெட்டை நீட்டினேன், முறைத்தாள். கடல் தாண்டி வந்தவள், லிந்துலை தாண்டியதும் வளைவில் முகம் வெளுத்து என்னைத் தேடினாள்.

"இது நெசமாவே மேடுதாம்மா" என்றார் பழனியாண்டி அண்ணன்.

எலுமிச்சங்காயைக் காலையிலேயே வாங்கிச் சட்டைப் பையில் போட்டிருந்தேன்.