மகளுக்காக நீங்கள் சுட்ட கேக்

குவைத்

அன்பின் மச்சான்,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் முதுகுவலி குறைந்ததா? ஹிதாயாவும் அவள் தம்பியும் சுகமா? நான் நல்ல சுகம், அல்ஹம்துலில்லாஹ். போனில் எல்லாம் சொல்லி முடிக்க ஏலாது, அதனால் எழுதுகிறேன்.

காத்தான்குடியிலிருந்து லீவு முடிந்து வந்த றிப்ஷான் கொண்டுவந்த பிறந்தநாள் கேக்கில் என் பங்கு கிடைத்தது. மகள் ஹிதாயாவின் பிறந்தநாளுக்குள் ஒரு கேக்காவது ஒழுங்காகச் சுடுவேன் என்று நீங்கள் சொன்னபோது சிரித்தேன். ஓட்டோ ஓடி, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சோறும் ஆக்குகிற மனிதருக்கு அதற்கு நேரம் ஏது? முதல் தடவை நீங்கள் சுட்டபோது, "வாப்பா கல்லு சுட்டிருக்காரு உம்மா" என்றுதானே ஹிதாயா போனில் சொன்னாள்!

டின்னைத் திறந்தால் மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. என்னோடு வேலை செய்யும் வாழைச்சேனைத் தனுஷா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டு, "ஆம்பிளை சுட்டதா? பொய் சொல்லாதீங்க அக்கா" என்றாள். இந்த அரபி வீட்டாருக்கு நான் எத்தனையோ கேக் சுட்டிருக்கிறேன், இப்படி ஒன்று வந்ததில்லை. அத்தனை வேலைக்கும் நடுவில் இதை எப்படிப் பழகினீர்கள் மச்சான்? கொஞ்சம் அழுதேன், அவ்வளவுதான். யோசிக்க வேண்டாம்.

ஹிதாயாவின் கால் அளவை அனுப்புங்கள், சப்பாத்து வாங்க. தம்பி இப்போதும் விரல் சூப்புகிறானா என்றும் எழுதுங்கள்.

இன்னும் இரண்டு வருடம் இங்கே வேலை செய்யக் கையெழுத்துக் கேட்கிறார்கள். வைப்பதாகத்தான் இருந்தேன், இனி வைக்க மாட்டேன். பெருநாளைக்கு வருகிறேன். அதுவரை அடுத்த கேக்கைச் சுடாதீர்கள். அடுப்படியில் உங்களோடு நானும் நிற்க வேண்டும்.

மேடம் கூப்பிடுகிறார்.

உங்கள் பஸ்னா