ஆகாயத்துக்கு விரித்த துணி

இன்று அட்டன் கடைவீதியில் மழைக்கு ஒதுங்கியபோது, நான் நின்றது ஒரு ரேடியோ கடையின் படியில். உள்ளே யாரோ பழைய பெட்டி ஒன்றைத் திருகினார்கள். வால்வு சூடேறும்போது அதன்மேல் படிந்த தூசி கருகி ஒரு மணம் வருமே, அந்த மணம் வந்தது. பாட்டுக்கு முன்னால் அதுதான் வரும். "உள்ள வாங்க தம்பி, நனையிறீங்க" என்றார் கடைக்காரர். நனைவது எனக்கு உறைக்கவில்லை. நீ எங்கோ உள்ளே குனிந்து ஈயம் பற்றவைத்துக்கொண்டிருப்பதுபோல் ஒரு நினைப்பு. மழை விட்டும் அந்த நினைப்பு விடவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உன் பெட்டி ஞாபகம் இருக்கிறது. சீமைக்குக் கப்பலேறிய ஒரு துரை பங்களாவில் போட்டுவிட்டுப் போனது. நீ வேலை செய்த கடையில் பழுது பார்க்கவும் லாயக்கில்லை என்று ஒதுக்கியதை, காய்ச்சல்காரப் பிள்ளையைப்போல் சாக்கில் சுற்றி மடியில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தாய். நம் லயத்து வரிசை வீடுகளுக்கு மின்சாரம் கிடையாது. தொழிற்சாலைக்கு இருந்தது, பங்களாவுக்கு இருந்தது, பங்களா நாய்க் கொட்டிலில்கூட ஒரு பல்ப் எரிந்தது. நீ கார் பேட்டரி ஒன்றைத் தேடிப் பிடித்தாய். சவுக்கு மரத்தில் ஏறிக் கம்பி கட்டினாய். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் சம்பளத்துக்கும் சாக்பீசுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருந்த சின்ன வாத்தி. பள்ளி விட்டதும் லயத்தில் உன் காம்பராவுக்கு, அந்த ஒற்றை அறைக்கு, வந்துவிடுவேன்.

பாட்டுத் தேடிய ஒரு பிற்பகலில், சிற்றலையின் இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு மனிதன் பேசினான். இங்கிலீஷ்தான். ஆனால் யாருக்கும் செய்தி வாசிக்கிற குரல் இல்லை. தனியாக இருப்பவனின் குரல். உடப்புசல்லாவைப் பக்கம் மேகம் அடைத்திருக்கிறது என்றான். நல்லதண்ணிப் பக்கம் மலையுச்சி மட்டும் மேகத்துக்கு மேலே நிற்கிறது என்றான். கொஞ்ச நேரத்தில் நம் கூரைக்கு மேலேயே இஞ்சின் சத்தம். பொலிசுக்காகப் பறக்கும் சின்ன விமானம். கீழே இருக்கிற பொலிசோடு அவன் பேசுவது நம் பெட்டியில் விழுகிறது. இது விளங்கியபோது நீ என் கையைப் பிடித்து நசுக்கினாய்.

அதன்பிறகு எத்தனை பிற்பகல்கள் அப்படிக் கழிந்தன! வெளியே பனிமூட்டம் வாசல்வரை வந்து நிற்கும். உள்ளே அடுப்புப் புகை. நீ கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருப்பாய். அவன் சொல்வதை நான் தமிழில் சொல்லச் சொல்ல உன் முகம் மெல்ல மேலே போகும். ஒருநாள் அவன் றொசல்ல தாண்டி நம் தோட்டத்தைச் சொன்னான். தகரக் கூரைகள், வரிசை வரிசையாக, தீப்பெட்டி அடுக்கியதுபோல் என்றான். வெயிலில் மின்னுகின்றன என்றான்.

"டேய் வாத்தி, மின்னுதுன்னானா? நம்ம லயமா மின்னுது?"

"ஒழுகுற ஓட்டை எல்லாம் மேல இருந்து தெரியாது" என்றேன்.

"நீ வேதக்காரன்தானே, மோட்சத்தப் பத்திச் சொன்னா மட்டும் நம்புவ. இதை நம்ப மாட்டியா?"

கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வந்த உன் அம்மா வாசலில் நின்று நம் இருவரையும் பார்த்தார். "ஆகாயத்துல போறவன் ஒனக்கு மாமனா, மச்சானா? வாயப் பொளந்துக்கிட்டுக் கேக்குற. வாத்தியாரு தம்பி, நீங்களாவது ஒரு வாளி தண்ணி கொண்டாங்க." நான் வாளியை எடுத்தேன். நீ அசையவில்லை. "அம்மா, அவரு நம்மளப் பாத்துட்டாரும்மா" என்றாய். "பாத்தா மட்டும் என்னா, அரைப்பேர் போட்டத முழுப்பேரா மாத்திக் குடுப்பாரா?" என்றார் அம்மா. அன்று வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு அவருக்கு அரைநாள் கூலிக்குத்தான் பேர் போட்டிருந்தான்.

பிறகு வேலைநிறுத்தம் வந்தது. காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் யாரும் நிற்கவில்லை. தோட்டத்தில் கூட்டம் கூடத் தடை என்று தமுக்கடித்தார்கள். ஓட்டுப் போட உரிமையில்லை, நாடு என்று சொல்ல ஒரு நாடில்லை, கூடி நிற்கவும் கூடாது என்றால், நாம் என்ன கொழுந்துச் செடியா, நட்ட இடத்தில் தள்ளித் தள்ளி நிற்க? அதை மீறி லயத்துச் சனம் மைதானத்தில் கூடியது. விமானம் வந்தது. மைதானத்தில் பெரிய கூட்டம் என்று அவன் சொன்னதை நீயும் நானும் பெட்டியில் கேட்டோம். அதே குரல். மேகத்தைச் சொன்ன அதே நிதானம். நாம் மைதானத்துக்கு ஓடுவதற்குள் லொறிகள் வந்துவிட்டன. தடியடியில் மண்டை உடைந்தவர்களை உன் காம்பரா வாசல் வழியாகத்தான் தூக்கிப்போனார்கள். நீ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"இதுல கேக்கத்தான்டா முடியும். திருப்பிப் பேச முடியாது" என்றாய். உன் வாயிலிருந்து கோபமாக நான் கேட்ட முதல் வார்த்தை அது.

அந்த வேலைநிறுத்தம் முடிவதற்குள் உன் அம்மா இறந்துபோனார். காய்ச்சல். தோட்டத்து மருந்துசாலை டிஸ்பென்சர் எல்லா நோய்க்கும் கொடுக்கிற அந்தச் சிவப்புத் தண்ணீரைக் கொடுத்தார். சாவு விழுந்தால் வீட்டுக்கு ஒருவராவது சவத்தோடு நடப்பது நம் தோட்டத்து வழக்கம்; அன்று வேலையும் இல்லாததால் எல்லா லயமும் திரண்டு வந்தது. புதைகாடு பங்களாவுக்கு அப்பால். பங்களா ரோட்டைத் தவிர வேறு வழியில்லை. நீ கொள்ளிச்சட்டியைக் கையில் எடுக்குமுன் என்னைத் தனியே அழைத்தாய். "நீ வராத. பெட்டிகிட்ட இரு. இன்னைக்கு அது வரும்" என்றாய்.

வந்தது. நான் காதைப் பெட்டியின் வலைத்துணியோடு ஒட்டி வைத்துக் கேட்டேன். பெரிய கூட்டம், பங்களாவை நோக்கிப் போகிறது என்றான். சிலர் கையில் மூங்கில் என்றான். அது பாடை. உன் அம்மாவைத் தூக்கிய மூங்கில். அவன் உயரத்துக்கு அது ஆயுதம். தப்பு முழக்கமோ பெண்களின் அழுகையோ அங்கே எட்டாது. கீழேயிருந்து பொலிசின் பதில் வந்தது: லொறிகள் புறப்படுகின்றன, மேலிருந்து பார்த்துக்கொண்டிரு.

நான் தேயிலைக்குள் குறுக்கே விழுந்து ஓடினேன். செடி வாது முழங்காலைக் கிழித்தது. ஊர்வலம் பங்களா வளைவுக்குக் கீழே வந்திருந்தது. மூச்சு வாங்கச் சொன்னேன். சட்டியின் புகை உன் கண்ணில் அடித்தது. சிலர் திரும்பிவிடலாம் என்றார்கள். சங்கத் தலைவர் ஒருவர், "பொணத்த எறக்கிட்டுக் கல்ல எடுங்கடா" என்றார். நானும் அந்தப் பக்கம்தான். உண்மையாகவே ஒரு கல்லை எடுத்தும்விட்டேன்.

நீ மேலே பார்த்தாய். முன்னால் வண்ணார் சவத்துக்கு வழிநெடுக விரித்து எடுத்துவந்த வெள்ளைத்துணி ஒன்றுதான் தரையில் கிடந்தது. "இது அவனுக்குத் தெரியாது. சின்னதா இருக்கு" என்றாய். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கத்தினாய்: "தலைத்துண்ட அவுருங்க! எல்லாரும்! ரோட்டுல விரிங்க!"

"என்னாப்பா சொல்ற?" என்றாள் ஒரு கிழவி.

"அம்மாவுக்கு விரிங்க, அத்தை. ஆகாயம் வரைக்கும் தெரியணும்."

பெண்கள் கொழுந்தெடுக்கக் கட்டும் துண்டை அவிழ்த்தார்கள். ஆண்கள் தோள்துண்டை உதறினார்கள். ஒருவர் கட்டிய வேட்டியையே அவிழ்த்து விரித்துக் கோவணத்தோடு நிற்க, அந்த நேரத்திலும் ஒருத்தி, "மாமா, மேல இருந்து பாக்குறவன் பயந்துறப் போறான்" என்றாள். சிரிப்பும் அழுகையுமாகச் சிவப்பு மண் ரோடு வளைவுவரை வெளுத்தது. பாடையை அதன் நடுவில் இறக்கினோம். எல்லாரும் இரண்டு பக்கமும் தரையில் உட்கார்ந்தோம். நீ மட்டும் சட்டியோடு நின்றாய். கல்லை எப்போது கீழே போட்டேன் என்று எனக்குத் தெரியாது.

விமானம் தாழ்ந்து வந்தது. அதன் நிழல் துணிமேல் ஏறி, உன் அம்மாவின் மேல் ஏறி, தேயிலைக்குள் இறங்கியது. திரும்பி வந்து ஒரு வட்டம் போட்டது. பிறகு பனிமூட்டத்துக்குள் போய்விட்டது. அவன் என்ன சொன்னான்? கேட்க யாருமில்லை. காம்பராவில் பெட்டி தனியாகப் பேசிக்கொண்டிருந்திருக்கும். லொறிகளின் இரைச்சல் கீழேயிருந்து ஏறி வருவது மட்டும் கேட்டது. வளைவில் நின்றன. பொலிஸ்காரர்கள் இறங்கி ரோட்டின் இரு ஓரமும் நின்றார்கள். ஒருவனும் தடியை ஓங்கவில்லை. ஒருவனும் தொப்பியைக் கழற்றவுமில்லை. நாம் துணியை எடுத்து எடுத்து முன்னால் விரித்துக்கொண்டு, அவர்கள் நடுவே உன் அம்மாவைக் கொண்டுபோனோம்.

துக்கம் முடிந்தபின் ஒரு பிற்பகல் கேட்டாய். "அவன் என்னாடா சொல்லியிருப்பான்?"

"'சவம்தான். லொறிக்கு வேலையில்ல'ன்னு சொல்லியிருப்பான்."

"இல்ல. 'கீழ ஒரு அம்மா போறாங்க, வழி விடுங்க'ன்னு சொல்லியிருப்பான்."

"உன் மண்டையில மேகம்தான்டா இருக்கு" என்றேன். நீ சிரித்தாய். அப்படிச் சொல்லியிருக்க மாட்டான் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் தூக்கம் வரும் நேரத்தில், அந்தக் குரல் அந்த வார்த்தைகளைச் சொல்வது எனக்குக் கேட்கிறது. தமிழில் சொல்கிறான். மேகத்தைச் சொன்ன அதே நிதானத்தில்.

நீயும் அதே சிவப்புத் தண்ணீரைக் குடித்துத்தான் போய்ச்சேர்ந்தாய். இப்போது இரண்டு நாட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து நம்மை இத்தனை பேர் கடலுக்கு அந்தப் பக்கம், இத்தனை பேர் இந்தப் பக்கம் என்று பங்கு போட்டிருக்கிறார்கள். அவர்களும் உயரத்திலிருந்து பார்ப்பவர்கள்தான். நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். ஒரு சின்னப் பத்திரிகைக்குத் தோட்டத்துச் செய்தி எழுதுகிறேன். போன வாரம், பிரசவத்தில் ஒருத்தி செத்ததற்காகப் பெண்கள் தோட்ட ஆபீசை மறித்தார்கள். எழுத உட்கார்ந்தேன். 'ஒரு பெரிய கூட்டம்' என்று முதல் வரி வந்தது. படித்துப் பார்த்தேன். அந்த விமானக்காரனின் குரல். அந்த வரியை அடித்துவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு, முன்னால் நின்றவளின் பெயர் என்ன என்று கேட்க மறுபடியும் மலை ஏறினேன்.