ராணியின் அறைக் கதவு

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அம்மாவின் மூட்டுவலி மட்டும் அவளைவிடப் பிடிவாதமாக இருக்கிறது.

பெரிய சேதி ஒன்று. காய்கறி மண்டியில் முப்பது வருடம் ஏலம் கூவிய உன் அப்பா இப்போது டிவி நடிகன்! ராஜா குடும்பத்தின் உள் விவகாரங்களைச் சொல்லும் தொடர், வெள்ளிக்கிழமைதோறும் வருகிறதே, அதேதான். அதில் ராணியின் அறை வாசலில் ஈட்டியோடு நிற்கும் காவலன் நான். வசனம் கிடையாது. தலைப்பாகையே இரண்டு கிலோ இருக்கும். "தூணு எது, நீங்க எதுன்னே தெரியலை சார்" என்று கேமராமேன் பாராட்டினார். "ஊரைக் கூட்டுற வாயை மூட வச்சிட்டாரே, அந்த டைரக்டருக்கு ஒரு மாலை போடணும்" என்கிறாள் உன் அம்மா.

உன் கடிதங்களில் மழை, வெயில், பஸ் நேரம் எல்லாம் இருக்கிறது. உன்னைப் பற்றித்தான் ஒன்றும் இல்லை. ஏதாவது எழுதும்மா.

காவலர் வேடத்தில் இருக்கும்
அப்பா


மார்ச் 19

அன்புள்ள அப்பாவுக்கு,

தொடரைப் பார்த்தேன். மீசை ஜோர்.

என்னைப் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். கோபப்படாமல் படியுங்கள். நாலு வருடம் முன்பு, என் கணவராக இருந்த அந்த மனிதரை விட்டுவிட்டுப் பெட்டியோடு நம் வீட்டுக்கு வந்த அன்று, நடந்ததையெல்லாம் உங்களிடம் சொன்னேன். நீங்கள் வாசலுக்குப் போய், தெருவுக்கே கேட்கிற மாதிரி அவரைத் திட்டித் தீர்த்தீர்கள். என் மேல் உள்ள பாசம்தான், தெரியும். ஆனால் மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் என் கதையை எனக்கே சொன்னார்கள் அப்பா. கூசிப்போனேன். அதன்பிறகு எனக்கு மழையும் வெயிலும்தான் எழுத வருகிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 30

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். என்ன பதில் எழுதினாலும் சப்பைக்கட்டாக இருந்தது. எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன்.

நேற்று நடந்ததைச் சொல்கிறேன். ராஜா தன்னை ஏமாற்றியதை ராணி தன் அப்பாவிடம் சொல்லி அழுகிற காட்சி. கதவு திறந்தே இருக்க வேண்டும், வெளியே பணிப்பெண்கள் ஒட்டுக்கேட்க வேண்டும். கேமராவும் வெளியேதான். அந்த நடிகை "அப்பா..." என்று ஆரம்பித்ததும் எனக்கு என்ன ஆனதோ, ஈட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு இரண்டு கதவையும் இழுத்துச் சாத்திவிட்டேன். பணிப்பெண்களை ஒரு முறை முறைத்தேன். அவர்கள் நிஜமாகவே பயந்து நகர்ந்துவிட்டார்கள்.

"யாருய்யா உன்னைக் கதவைச் சாத்தச் சொன்னது?" என்று டைரக்டர் குதித்தார்.

"ஒரு பொண்ணு அப்பாகிட்ட அழறதை ஊரே பாக்கணுமா சார்?" என்றேன். வேலை போயிற்று என்று தலைப்பாகையைக் கழற்றினேன். அவர் எடுத்ததை ஓட்டிப் பார்த்தார். இன்னொரு முறை பார்த்தார். "இதுவே இருக்கட்டும். தலைப்பாகையைக் கட்டுங்க சார்" என்றார். அதுவரை 'யோவ்' என்றுதான் கூப்பிடுவார்!

இதை அன்றைக்கு நம் வீட்டில் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. தப்பு என்னுடையதம்மா.

அப்பா


மே 12

அன்புள்ள அப்பாவுக்கு,

வெள்ளிக்கிழமை பார்த்தேன். நீங்கள் கதவைச் சாத்தியதும் நான் அழுதுவிட்டேன். இங்கே நான் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் எல்லோரும், "உள்ளே என்ன சொல்லியிருப்பா?" என்று மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். "அந்தக் காவலர் எங்கப்பா!" என்று சொன்னேன். பெருமை தாங்காமல் இன்னொரு முறையும் சொன்னேன். கீழ்த்தளம் வரைக்கும் கேட்டதாம். தொண்டை உங்களுடையதுதான்.

அப்பா, இங்கே ஒருவர் இருக்கிறார். பல் டாக்டர். அதிகம் பேசமாட்டார், நன்றாகச் சிரிக்கவைப்பார். என் பழைய கதையெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்த வருடம் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்றிருக்கிறோம்.

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் உங்களுக்குத்தான்.

உங்கள் மகள்