திட்டாத டாக்டருக்கு ஒரு வரி

என் செல்ல அம்மாவுக்கு,

உன் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் நம் மட்டாஞ்சேரியிலேயே. சர்க்கரை நோயாளிகளுக்கு எப்படிப்பட்ட கிளினிக் பிடிக்கும் என்று கண்டறிகிற ஆராய்ச்சி.

அட்டையில் இரண்டு கற்பனைக் கிளினிக்குகளை எழுதிக் காட்டி, எதற்குப் போவீர்கள் என்று கேட்போம். தூரம், செலவு, காத்திருக்கும் நேரம் என்று அம்சங்கள் மாறிமாறி வரும். ஆறுக்கு மேல் போட்டால் ஜனங்கள் குழம்பிப்போவார்கள். எந்த ஆறு என்பதுதான் தலைவலி. பழைய ஆய்வுகளைப் புரட்டிப் பதினான்கு எழுதிக்கொண்டு போனேன். என் மேலதிகாரி பீனா சேச்சி, "பேப்பர்ல உள்ளது அங்க இருக்கட்டே, ஆளுகளோட பேசிட்டு வா" என்றார்.

உன்னோடு நகரசபையில் தெருக் கூட்டிய சரோஜா சித்தி வீட்டில் சர்க்கரை உள்ள எட்டுப் பெண்களை உட்கார வைத்தேன். சாயாவும் பழம்பொரியும் தீர்ந்தன; என் பட்டியலை ஒருத்தியும் சட்டை செய்யவில்லை. "தூரமா? நாங்க நடக்காத தூரமா?" என்று சிரித்தார்கள்.

பிறகு சித்தி கேட்டாள்: "உங்கம்மா பக்கத்துக் கிளினிக்க விட்டுட்டு, போட்டுல ஏறி எர்ணாகுளம் ஏன் போனா தெரியுமாடி? இங்க சுகர் கூடிட்டா எல்லாரும் கேக்கத் திட்டுவாங்க. அங்க உள்ள டாக்டர், ‘நேத்து பாயசமா?’ன்னு மெல்லக் கேட்டுச் சிரிப்பார். அதுக்குத்தான்."

நீ இருந்தவரை, ஊர் சுற்றப் போகிறாயா என்று உன்னை எத்தனை முறை கடிந்திருக்கிறேன். "காத்து வாங்கப் போறேன்டி" என்பாய். ஏன் அம்மா என்னிடம் சொல்லவில்லை? நானும் திட்டுவேன் என்றா?

டாக்டர் திட்டாமல் பேசுவதையும் என் பட்டியலின் பதினான்கையும் தனித்தனிச் சீட்டில் எழுதி, எல்லாச் சீட்டுகளையும் முக்கியமானது முதலில் வரும்படி அடுக்கச் சொன்னேன். அநேகமாக எல்லோரும் அதைத்தான் மேலே வைத்தார்கள். ஆனால் அந்த ஆறு எவை என்று முடிவு செய்யும் இறுதிக் கூட்டத்தில் ஒரு டாக்டர், "திட்டுறதெல்லாம் ஒரு அம்சமா?" என்றார். "எங்கம்மா அதுக்காகக் காயல் கடந்து போனா சார்" என்றேன். பீனா சேச்சி பேனாவை எடுத்து, பார்க்கிங் வசதியை அடித்துவிட்டு அதை எழுதினார்.

நாளை தோப்பும்படி மீன் துறைமுகத்தில் அட்டைகளை வைத்து ஒத்திகை. யார் எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஏன் என்று கேட்பேன். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும் வரை வாய் திறக்க மாட்டேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

உன் வாயாடி இளைய மகள்,
செல்வி