நாற்பத்தொன்றாம் அத்தியாயத்துக்குப் பிறகு

இன்று காலை ஜெராக்ஸ் கடையைத் திறந்து மேஜை டிராயரை இழுத்ததும் டீசல் வாடை அடித்தது. உன் நீளநோட்டு இருந்த இடம். நோட்டு கைவிட்டுப் போய் நான்கு நாளாகிறது, வாடை போகவில்லை.

ஐயம்பேட்டைக்கு நீ ஓட்டிய ஷேர் ஆட்டோவில் ஆள் நிறையும்வரை அந்த நோட்டைத் தொடைமேல் வைத்து எழுதிக்கொண்டிருப்பாய். "இன்னும் ரெண்டு பேரு ஏறினா கெளம்பிடலாம்பா" என்று பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைச் சமாதானப்படுத்திக்கொண்டே ஒரு பத்தியை முடித்துவிடுவாய். அந்தப் பேய் பங்களாப் படங்கள் என்றால் நம் இருவருக்கும் பைத்தியம். மூன்றாம் பாகத்தில் வாட்ச்மேனை வீணடித்துவிட்டார்கள் என்று ஒரு வாரம் புலம்பினாய். "நாமளே எழுதலாம்பா" என்றாய். ஒற்றைப்படை அத்தியாயம் உனக்கு, இரட்டைப்படை எனக்கு. உன்னுடையதை நான் டைப் அடிப்பேன், என்னுடையதை நேராகப் போனில் தட்டுவேன். வெள்ளிக்கு ஒன்றாகக் கதை ஆப்பில், ஒரே புனைபெயரில் போட்டோம். யாருடையது எது என்று உன் மனைவி செல்விக்கு மட்டும்தான் தெரியும்.

இந்தக் காலத்தில் நோட்டில் எழுதுவது நீயும் மளிகைக்கடைக்காரரும்தான் என்று கிண்டல் செய்வேன். "போன்ல எல்லாமே முடிஞ்சா மாதிரி தெரியுதுபா. தப்பு கூட சுத்தமா இருக்குது" என்பாய். உன் பக்கத்தில் மூன்று வரி அடித்து ஒரு வரி நிற்கும். ஓரத்தில் 'இங்க சிரிக்கணும்' என்று குறிப்பு வேறு. நான் போனில் அழித்தது என்னவென்று எனக்கே நினைவிருக்காது. அதை அப்போது வசதி என்றுதான் நினைத்தேன்.

நாற்பத்தொன்றில் வாட்ச்மேனைப் பங்களாவின் சாமான் அறைக்குள் அனுப்பி, வெளியே பூட்டிவிட்டாய். எப்படி வெளியே வருவான் என்று கேட்டேன். "வருவான், இரு" என்றாய். அந்தப் பங்குனியில்தான், நெஞ்சு வலிக்கிறது என்று வண்டியை ஓரம் கட்டிய நீ இறங்கவே இல்லை.

நாற்பத்திரண்டு என்னுடையது, போட்டேன். அடுத்த வாரம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அடுத்தது எங்கே என்று வாசகர்கள் நச்சரித்தார்கள். நீயாக உட்கார்ந்து நாற்பத்துமூன்றைத் தட்டினேன். திரையில் எல்லாருக்கும் ஒரே எழுத்துதானே, யார் கண்டுபிடிப்பார்கள்? 'பழைய குறும்பு திரும்பிவிட்டது' என்று ஒருவர் எழுதியிருந்தார். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது. அப்படியே அறுபத்தொன்றுவரை வந்துவிட்டேன். ஆனால் வாட்ச்மேனை வெளியே கொண்டுவர முடியவில்லை. வாரா வாரம் சுவரைத் தட்டுகிறான், கத்துகிறான், மறுபடி மூலையில் போய் உட்காருகிறான்.

வாரிசுச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்த செல்வி ஒருநாள் கேட்டாள். "அண்ணா, இன்னும் எவ்ளோ எழுதி வச்சிருக்காரு? அவரு வாரம் வந்தா வீட்ல பேசிக்கினு இருக்கறா மாதிரியே இருக்குது. தீந்துடுமோன்னு பயமா இருக்குதுண்ணா."

"நெறைய இருக்குதும்மா" என்றேன்.

அதன்பிறகு நிறுத்தவும் முடியவில்லை, எழுதவும் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அந்தப் படத்தின் நான்காம் பாகத்தை நாம் பார்த்த மதியம் கண்முன் வந்தது. வாட்ச்மேனாக நடித்தவர் அதற்குள் இறந்திருந்தார். முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் செய்து ஓட்டினார்கள். தியேட்டரே கைதட்டியது, நானும் தட்டினேன். நீ எழுந்து வெளியே வந்துவிட்டாய். "செத்துட்டாருன்னா செத்துட்டாருன்னு போடுங்கடா. எங்களுக்கு அழத் தெரியாதா?" என்று டிக்கெட் கிழிப்பவரிடம் சண்டைக்கே போனாய். நான்தான் உன்னை இழுத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு செல்வி நோட்டைக் கேட்டாள். "படிக்கறதுக்கு இல்லண்ணா, அவரு கையெழுத்தப் பாக்கணும்." அடுத்த வாரம் என்றேன். மூன்று முறை அடுத்த வாரம் என்றேன். கடைசியில் ஒரு மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்பத்துமூன்றை உன் கையெழுத்தில் நோட்டில் எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இத்தனை வருடம் கல்யாணப் பத்திரிகை டைப் அடித்த கை, பேனா பிடிக்கவே மறந்திருந்தது. மூன்று வரியில் என் வண்டவாளம் தெரிந்துவிட்டது. கிழித்தால் தையலின் மறுபக்கத்தில் உன் தாளும் சேர்ந்து கழன்றுவிடும். அடித்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை வந்தாள். இனித் தட்டிக்கழிக்க முடியாமல் எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினாள். ஓர் இடத்தில் கொஞ்சம் சிரித்தாள். நாற்பத்தொன்று முடிந்தது. அடுத்த பக்கத்தில் அடித்துவிட்ட அந்த மூன்று வரி.

"இது யாரு கையெழுத்துண்ணா?"

"என்னுதும்மா."

மிச்சமிருந்த வெற்றுத்தாளையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்பினாள், பின் அட்டைவரை. கத்தவில்லை.

"அப்ப அஞ்சு மாசமா நான் அழுதது யாருக்குண்ணா?"

நோட்டை ஒயர்க்கூடையில் வைத்துக்கொண்டு ஐயம்பேட்டை ஆட்டோ ஏறிப் போய்விட்டாள்.

நேற்று வெள்ளி. நீ இறந்துவிட்டாய், நாற்பத்துமூன்றிலிருந்து எல்லாம் என்னுடையது என்று ஆப்பில் போட்டேன். சிலர் அழுதார்கள், சிலர் திட்டினார்கள். செல்வி படித்தாளா தெரியாது. கதையை இனித் தொடமாட்டேன், வாட்ச்மேன் உள்ளேதான் இருக்கிறான். அவள் கேட்டது என்னைவிட்டுப் போகவில்லை. யார் ஜெராக்ஸ் கேட்டு வந்து நின்றாலும் அதையே கேட்பதுபோல் இருக்கிறது. அவள் அழுதது உனக்காகத்தான் என்று அன்றே அவளிடம் சொல்லியிருக்கலாம். எழுதியது நானாக இருந்ததால் வாய் வரவில்லை.