அந்துருண்டை வாசனை

மார்ச் 5

புகைச் சோதனையில் எங்கள் பழைய கார் மறுபடியும் தோற்றது. கறுப்புப் புகை, கண்ணெல்லாம் எரிச்சல். "வித்துடலாம்மா. ஜகார்த்தா ரோட்டுல இதை ஓட்டவே வெக்கமா இருக்கு" என்கிறாள் மகள் ரத்ரி. இந்த மகாராணி பிறந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததே இதில்தான்! கொஞ்ச நாளாக என் வீட்டுக்காரருக்குப் பேச்சு குறைந்துவிட்டது. இந்த வண்டிக்குள் உட்கார்ந்தால் மட்டும் இவர் என் பழைய சுகெங். அதையும் விற்றுவிட்டால்?

மார்ச் 7

மெக்கானிக் தர்மோ வந்தார். காற்று வடிகட்டி முழுக்க அழுக்கு. கார்புரேட்டரில் பெட்ரோல் அதிகமாக இறங்குகிறதாம். இரண்டையும் சரிசெய்தார். புகை குறைந்தது, நாற்றம் போகவில்லை. "துணி பீரோவைத் திறந்த மாதிரி வருதேம்மா" என்று முகர்ந்துகொண்டே நின்றார்.

மார்ச் 8

டாங்கு மூடியைத் திறந்ததும் தர்மோ சிரித்துவிட்டார். "யாரும்மா இதுல அந்துருண்டை போடுறது?"

வேறு யார்! அது கரைந்தால் பெட்ரோலுக்கு வலு கூடும் என்று அந்தக் காலத்தில் பாதி ஜாவா போட்டது. பெருநாளுக்கு ஊர் கிளம்பும் முன் இவரும் ஒன்று போடுவார். பின்சீட்டில் பிள்ளைகள் சண்டை, மடியில் பலகார டப்பா. மேடு ஏறும்போது, "பாத்தியா, எப்படிப் பறக்குது!" என்பார். அப்போது அந்த நாற்றம் எனக்கு நாற்றமாகவே தெரியவில்லை. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்!

சாப்பிடும்போது கேட்டேன். "ஏங்க, டாங்குல எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணுதான். நாளைக்கு அம்மாவைப் பார்க்க ஊருக்குப் போறோம்ல?"

மாமியார் போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது.

மார்ச் 9

பீரோவில் இருந்த அந்துருண்டைப் பொட்டலமே காலி. தினமும் ஒன்று போட்டிருக்கிறார். இவருக்குத் தினமும் நாளைக்கு ஊர் — கடவுளே, கூடவே இருக்கேன், எனக்குத் தெரியாமப் போச்சே. என்னத்தைப் பாத்தேன் நான்?

மார்ச் 12

டாங்கைக் கழுவியாயிற்று. வண்டி சோதனையில் தேறியது. ரத்ரியிடம் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அழுதாள். விற்பதைப் பற்றி அவள் பேசவில்லை.

மே 19

பெருநாள் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. இன்று ரத்ரியே வண்டியை ஓட்டி எங்களை மலைப்பக்கம் அழைத்துப் போனாள். வழியில் ஒரு சாப்பாட்டுக் கடை. கடைக்கார அம்மாளைப் பார்த்ததும் இவர் மண்டியிட்டார். பெருநாளன்று பெற்றவர்களிடம் மன்னிப்பு கேட்போமே, அப்படியே அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு, "அம்மா, நான் ஏதாவது தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சிடும்மா" என்றார்.

ரத்ரி பதறி எழுந்தாள். அந்த அம்மாள் அசரவில்லை. இவர் தலையில் கை வைத்து, "உன் மேல என்னப்பா தப்பு? அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கே. முதல்ல சாப்பிடு" என்றாள்.

இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.